கிளீனர் இருக்கையில் ஐந்து நாட்கள்: ராசிபுரத்திலிருந்து நாக்பூர் வரை

முதல் நாள், வெள்ளி: ராசிபுரம் – சூளகிரி

லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வரும் நான், இதுவரை லாரியில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை என்பதை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டுநர்கள் டிரிப் முடித்து வந்து நீட்டும் செலவுச் சீட்டில் டீசல், டோல், பஞ்சர், கிரீஸ், படி என்று வரிசையாக இருப்பவற்றைச் சரிபார்த்து, ஒப்புக்கொள்ளத்தக்கதை ஒப்புக்கொண்டு, மற்றதைச் சிவப்பு மையால் அடிப்பது என் வேலை. என் தாய்மாமன் ஓட்டும் வண்டியின் சீட்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் 'கேபின் கழுவ 150' என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு முறையும் நான் அதை அடித்துவிடுவேன். "ஒருக்கா என்னோட வந்து பாத்துட்டு அப்பறம் அடி மாப்ள" என்று அவர் நான்கைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நவராத்திரிக்கு முந்தைய இந்த செப்டம்பரில்தான் ஒரு வார விடுப்பும் மழை ஓய்ந்த ஒரு நாளும் சேர்ந்து வாய்த்தன.

ராசிபுரத்துக்கு அருகே ஒரு சேகோ ஆலையில் 18 டன் ஜவ்வரிசி ஏற்றினோம். நம் ஊர் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் இந்த வெள்ளை மணிகளை நாம் பாயசத்துக்கு மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். மகாராஷ்டிரத்திலோ விரத நாட்களில் கிச்சடியும் வடையுமாக அதைத்தான் உண்கிறார்கள், ஆகவே நவராத்திரி நெருங்க நெருங்க சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் வடக்கே போகும் வண்டிகளுக்கு வரிசை கட்டும். ஈரம் பட்டால் சரக்கு போயிற்று என்பதால் மாமா தார்ப்பாயை இரண்டு அடுக்காகப் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டினார்.

நான் ஏறுவதற்காகப் படியில் கால் வைத்தபோது, "செருப்பக் கழட்டீட்டு ஏறு" என்ற குரல் வந்தது. கழற்றிய செருப்பை வைப்பதற்குப் படியின் மேலேயே ஒரு தகரப் பெட்டி அடிக்கப்பட்டிருந்தது. உள்ளே சாமி படத்துக்கு எதிரே மூன்று கொக்கிகளில் மூன்று துணிகள் தொங்கின: ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று ஸ்டியரிங்குக்கும் டேஷ்போர்டுக்கும், மூன்றாவது கால் வைக்கும் இடத்துக்கு. இவை ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக் கூடாது. கண்ணாடித் துணியில் எண்ணெய் பட்டுவிட்டால் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் இரவில் கண்ணாடி முழுக்கப் படர்ந்து சாலையே தெரியாது என்றார். தண்ணீர்ப் பாட்டில்களுக்கு ஒரு மரச்சட்டம் இருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தபோது, தான் கிளீனராக இருந்த காலத்தில் காலி பாட்டில் ஒன்று உருண்டுபோய் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொள்ள, ஓட்டுநர் காலால் எவ்வளவு அமுக்கியும் வண்டி நிற்காமல் போன அரை நிமிடத்தைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

கிளீனர் என்ற சொல்லை நாம் எவ்வளவோ நாளாகச் சொல்லி வந்தாலும், அதன் பொருள் துடைப்பவன் என்பதுதான் என்று இந்தக் கேபினில் உட்கார்ந்த பிறகே எனக்கு உறைத்தது. மாமாவின் தலைமுறையில் ஓட்டுநர் ஆன ஒவ்வொருவரும் ஐந்தாறு ஆண்டுகள் துடைத்தும், கயிறு கட்டியும், சக்கரத்துக்குக் கல் வைத்தும், பின்னால் போய்க் கை காட்டியுமே ஸ்டியரிங்குக்கு வந்தார்கள். இப்போது பெரும்பாலான வண்டிகளில் கிளீனர் இல்லை. வாடகையில் கட்டுப்படியாகவில்லை என்று எங்களைப் போன்ற அலுவலகங்கள்தான் நிறுத்தின. வேலை மட்டும் நின்றுவிடவில்லை, ஓட்டுநரின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தொப்பூர் கணவாயை இருட்டும் நேரத்தில் ஏறினோம். சேலத்திலிருந்து போகும்போது அது ஏற்றம். விபத்துகளுக்குப் பேர்போனது எதிர்ப்புறத்து இறக்கம். சூளகிரிக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டிப் படுத்தோம்.

இரண்டாம் நாள், சனி: சூளகிரி – அனந்தபூர்

விழித்தபோது மணி ஐந்து. மாமா கேபினின் கால் பாயை வெளியே எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். பாய்க்கு அடியில் இருக்கும் தகரத்தை மூன்றாம் துணியால் துடைத்து, படுக்கை விரிப்பை உதறி மடித்து, கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து முடிக்க அவருக்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆகின்றன. பிறகு ஒரு இரும்புத் தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். காற்று நிறைந்த டயர் கணீரென்று தடியைத் திருப்பி அடிக்கிறது, இறங்கிய டயர் தொப்பென்று வாங்கிக்கொள்கிறது. பின்புறத்தில் இரட்டை இரட்டையாக இருக்கும் டயர்களில் உள்ளே இருப்பது பார்வைக்குத் தெரியாது என்பதால் காதுதான் கண்.

அத்திப்பள்ளியில் வலப்புறம் திரும்பி, சர்ஜாபுரம், ஹொசகோட்டை, தேவனஹள்ளி வழியாகப் பெங்களூரைச் சுற்றிக்கொண்டு ஹைதராபாத் சாலையைப் பிடித்தோம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் இந்த 44ஆம் எண் நெடுஞ்சாலையின் தென்பகுதியைப் பழைய ஓட்டுநர்கள் இன்னும் 'செவன்' என்றே சொல்கிறார்கள். 2010இல் எண்கள் மாற்றப்படும் வரை அது ஏழாம் எண்ணாக இருந்தது.

பெனுகொண்டாவைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது தடி தொப்பென்றது. இடப்பக்கம் பின்புறத்தில் உள் டயர். வெளி டயரைக் கழற்றாமல் உள்ளேயுள்ளதை எடுக்க முடியாது. பாரத்தோடு சேர்த்து 28 டன்னாக நிற்கும் வண்டிக்கு ஜாக்கி வைப்பதென்றால் மண் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, கட்டை போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கல் வைத்துத்தான் தொடங்க வேண்டும். நட்டைத் தளர்த்த ஸ்பேனரில் நான்கடி நீளக் குழாயைச் செருகி அதன் மேல் நான் ஏறி நின்றேன். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. எங்கள் கணக்கில் இது 'பஞ்சர்' என்ற ஒரு சொல், எதிரே ஒரு தொகை.

வேலை முடிந்து நான் கதவைப் பிடித்து ஏறியபோது கைப்பிடியில் ஐந்து கருப்பு விரல்கள் பதிந்தன. மாமா ஒன்றும் சொல்லவில்லை; என்னை இறக்கி, கையில் கொஞ்சம் டீசலும் மண்ணும் போட்டுத் தேய்க்கச் சொல்லி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே ஏறவிட்டார். ஸ்டியரிங்கில் கிரீஸ் ஏறினால் வளைவில் கை வழுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கென்னவோ, காரணம் இல்லாவிட்டாலும் அவர் ஏறவிட்டிருக்க மாட்டார் என்றே தோன்றியது.

மதியச் சாப்பாட்டை வண்டியின் நிழலில் ஸ்டவ் வைத்து அவரே சமைத்தார். கேபினுக்குள் ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது. முன்பு ஓட்டிய வண்டியில், மாற்று ஓட்டுநர் ஒருவர் பரோட்டாப் பொட்டலத்தை இருக்கைக்கு அடியில் விட்டுவிட்டுப் போக, அதைத் தேடி வந்த எலி டேஷ்போர்டுக்குப் பின்னால் குடியேறி வயரைக் கடித்துவிட்டதாம். ஹெட்லைட் இரண்டும் நள்ளிரவில் ஒருசேர அணைந்தனவாம். தானிய மூட்டையும் தீவன மூட்டையும் ஏற்றும் வண்டிக்கு எலி எப்படியும் வரும், அதைக் கேபினுக்கு வேறு அழைக்க வேண்டுமா என்றார்.

மூன்றாம் நாள், ஞாயிறு: அனந்தபூர் – தூப்ரான்

இன்று காலை பாயைத் தூக்கிய மாமா அதைத் தட்டாமல் அப்படியே நின்றார். கிளட்ச் பெடலுக்கு நேர் கீழே, நேற்றுத் துடைத்த தகரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். விரலில் தொட்டு, இரு விரல்களுக்கிடையே உருட்டி, மூக்கருகே கொண்டுபோனார். தண்ணீர் இல்லை. அந்த இடத்தில் பெயின்ட் லேசாகக் கொப்புளித்திருந்ததைக் காட்டி, இது கிளட்ச் ஆயில்தான், பெயின்டைத் தின்னும் குணம் அதற்கு உண்டு என்றார். பெடலுக்கு மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்து கசிகிறது. நாம் காலால் அமுக்கும் விசையை ஆயில் வழியாகத்தான் அது கியர் பெட்டி வரை கொண்டுபோகிறது; ஆயில் குறைந்து குழாய்க்குள் காற்று புகுந்தால், அமுக்கும் கால் காற்றைத்தான் அமுக்கும், கிளட்ச் பிரியாது.

மண்ணும் பழைய எண்ணெயும் படிந்த ஒரு தரையில் இந்தச் சொட்டு தெரிந்திருக்குமா என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு வரும் வண்டிகளில் பாதியின் கேபின் தரை என்ன நிறம் என்று எனக்குத் தெரியும்.

ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். கர்னூலில் சீல் கிட் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, உதிரிபாகக் கடைகள் எல்லாம் அடைப்பு. துங்கபத்திரையைக் கடந்து, பீச்சுபள்ளியில் கிருஷ்ணையைக் கடந்து, ஷம்ஷாபாத்தில் ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. நகரை 158 கிலோமீட்டர் சுற்றி வரும் அந்தச் சாலையில் இறங்கிப் பார்க்கக் கடையும் இல்லை, நிற்க இடமும் இல்லை. மாமா அரை கிளட்ச்சில் ஓட்டாமல், தேவைக்கு மேல் கியர் மாற்றாமல், பெடலை முட்டையின் மேல் வைப்பது போல் வைத்து ஓட்டினார்.

கேபின் சுத்தத்தைப் பற்றி எழுதுபவன் ஒன்றை மறைக்கக் கூடாது. சாலையோரத்துக் கழிப்பறைகள் இருக்கும் நிலையில், ஓட்டுநர்கள் பலர் பாட்டிலில் சிறுநீர் கழித்து ஜன்னல் வழியே எறிகிறார்கள். நெடுஞ்சாலை நடுத்திட்டில் மஞ்சள் பாட்டில்கள் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 28 டன் வண்டியை நிறுத்த இடமும், திறந்தால் மூக்கைப் பொத்தாமல் நுழையும்படியான கதவும் இன்று மதியம் வரை எனக்கு மூன்றே இடங்களில் கிடைத்தன என்பதையும் எழுதி வைக்கிறேன். குளிப்பதற்கு மாமா தெரிந்த பங்குகளாகப் பார்த்து டீசல் போடுகிறார். லிட்டருக்குச் சில காசுகள் அதிகம் கொடுத்து ஏன் அங்கே போட்டீர்கள் என்று நான் அவரிடம் இரண்டு முறை விளக்கம் கேட்டிருக்கிறேன்.

இந்த வண்டி 2020க்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வகை என்பதால் புகைக்குழாயில் தெளிக்கும் யூரியா நீருக்குத் தனி டேங்க் உண்டு. அதன் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை ஈரத் துணியால் துடைத்த பிறகே அவர் மூடியைத் திறந்தார். தூசு உள்ளே போனால் தெளிக்கும் முனை அடைபடும், எச்சரிக்கை விளக்கு எரியும், எஞ்சின் இழுவையைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பிறகு அதைச் சரிசெய்ய ஸ்பேனர் போதாது, கம்பெனி ஆள் லேப்டாப்போடு வர வேண்டும்.

தூப்ரான் அருகே இரவு தங்கினோம். வெளியே மழை, உள்ளே எஞ்சின் சூடு. 2025 முதல் தயாராகும் புதிய கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதி செய்திருக்கிறது. இது அதற்கு முந்தைய வண்டி. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் வேர்வை.

நான்காம் நாள், திங்கள்: தூப்ரான் – பாண்டர்கவடா

நாலரைக்கே கிளம்பி, சோன் பாலத்தில் கோதாவரியைக் கடந்தபோது விடிந்திருந்தது. நிர்மலில் கடைகள் திறக்க இன்னும் நேரமிருந்ததால் ஆதிலாபாத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்தோம். அதுதான் தப்பு, மாமாவே பிறகு ஒப்புக்கொண்டார். நிர்மலைத் தாண்டி மேடும் தேக்குமரக் காடுமான பகுதியில், ஒரு ஏற்றத்தில் கியர் குறைக்கப் பெடலை அமுக்கினார். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. கியர் கிரீச்சென்று கத்தியது. ஓடிய வேகத்திலேயே நியூட்ரலுக்கு இழுத்து, வண்டியை முழுக்க இடது ஓரத்துக்கு ஒதுக்கி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டார்.

"எறங்கி மொதல்ல கல்லு வெய்யி மாப்ள."

சக்கரங்களுக்குப் பின்னால் நான் கல் வைக்க, அவர் சிவப்பு முக்கோணத்தைச் சாலையில் ஐம்பது அடி பின்னால் வைத்துவிட்டு வந்தார். பிறகு ஏதோ தோன்றியவராகத் திரும்பிப் போய் அதை இன்னும் அவ்வளவு தூரம் தள்ளி வைத்தார். ஏற்றத்தில் வரும் வண்டிக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். நான் நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐ அழைத்தேன். அரை மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்து எங்களுக்குப் பின்னால் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு, நிர்மலில் ஒரு மெக்கானிக்கின் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போயிற்று.

காத்திருந்த இரண்டரை மணி நேரத்தில் மாமா என்ன செய்தார் என்பதை எழுத வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை கியரில் போட்டு, ஸ்டார்ட்டரின் உந்துதலிலேயே எஞ்சினைக் கிளப்பிக் கிளட்ச் இல்லாமல் நகர்த்தும் வித்தை அவருக்குத் தெரியும். 18 டன் பாரத்தோடு ஏற்றத்தில் அதைச் செய்ய மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவர் புலம்பவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. கால் பாயைக் கழற்றினார், தகரத்தில் வழிந்திருந்த ஆயிலை ஒற்றி எடுத்தார், சோப்பு நீர் விட்டுக் கழுவினார், காய்ந்த துணியால் துடைத்தார். உடைந்து நிற்கும் வண்டியில் என்ன துடைப்பு என்று நான் கேட்டே விட்டேன். புதிய சீல் போட்ட பிறகு கசிவு நின்றதா இல்லையா என்று பார்க்கத் தரை காய்ந்திருக்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார்.

மெக்கானிக் இருசக்கர வண்டியில் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், உடை முழுக்கக் கிரீஸ். படியில் கால் வைத்தவரை மாமா தடுத்து, இருக்கையில் ஒரு சணல் சாக்கை விரித்து, தரையில் பழைய நாளிதழைப் பரப்பினார். அந்த இளைஞர் சிரித்துவிட்டு, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றித் தகரப் பெட்டியில் போட்டார். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே தள்ளியபோது சீலின் உதடு ஒரு பக்கம் நகம் கடித்தது போலப் பிய்ந்திருந்தது. புதிய கிட்டைப் போட்டு மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று.

அதற்குப் பிறகு குழாயிலுள்ள காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மேலே பெடலை அமுக்க, மற்றவர் வண்டிக்கு அடியில் படுத்து கியர் பெட்டியருகே இருக்கும் திருகைத் திறந்து மூட வேண்டும். மேலே நான். கீழேயிருந்து தெலுங்கில் "தொக்கு, தொக்கு, தொக்கு" என்று குரல் வந்தது. நமக்கு ஊறுகாய் வகையாகத் தெரிந்த சொல் அவர்களுக்குக் காலால் மிதி என்பதாம். மூன்று முறை மிதித்து, "பட்டுக்கோ" என்றால் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும், திருகு திறக்கும், பாட்டிலுக்குள் விட்ட குழாயில் ஆயிலோடு குமிழிகள் வரும், பெடல் என் காலடியில் நழுவித் தரையைத் தொடும், திருகு மூடும், மறுபடி தொக்கு. மாமா நடுவில் நின்று ஆயில் டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது தடவைக்கு மேல் மிதித்திருப்பேன். முதலில் துணியை மிதிப்பது போலிருந்த பெடல், கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்து, ஒரு கட்டத்தில் என் காலைத் திருப்பித் தள்ளியது. அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கணக்கு ஒத்துப்போன எந்த மார்ச் 31ஆம் தேதியும் தந்ததில்லை.

நான் வராதிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். ரோட்டில் போகும் லாரி எதையாவது கைகாட்டி நிறுத்தி, அதன் ஓட்டுநரைக் கால் மணி நேரம் கெஞ்சியிருப்பேன் என்றார். அவரும் தனியாளாகத்தான் வந்திருப்பார், அவருக்கும் நேரக் கெடு இருந்திருக்கும்.

புறப்படும்போது சக்கரத்துக்கு வைத்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பள்ளத்தில் எறியச் சொன்னார். ஒரு கல் தார்ச்சாலையின் ஓரக் கோட்டில் கிடந்ததை நான் விட்டுவிட்டேன். அவர் இறங்கிப் போய் எடுத்தார். பழுதாகி நின்ற லாரிகள் விட்டுச் செல்லும் கல்லில் மோதி இரவில் விழும் இருசக்கர வண்டிக்காரர்களை அவர் பார்த்திருக்கிறார்.

பெண்கங்கை ஆற்றுப் பாலத்தில் தெலங்கானா முடிந்து மகாராஷ்டிரம் தொடங்குகிறது. பாண்டர்கவடாவில் படுக்கும் முன் டார்ச் அடித்துத் தரையைப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய்: நாக்பூர்

ஹிங்கண்காட், பூட்டிபோரி வழியாக முற்பகலில் நாக்பூரை அடைந்து, களம்னா சந்தைப் பக்கத்துக் கிடங்கில் வண்டியை விட்டோம். தார்ப்பாயைப் பிரித்தபோது ஒரு மூட்டைகூட நனையவில்லை. நேற்று வராமல் இன்று வந்ததற்குக் கிடங்குக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

திரும்புகாலுக்குச் சோயா புண்ணாக்கு கிடைத்திருக்கிறது. நம் நாமக்கல் கோழிகளுக்கான தீவனம். நாளைக் காலை லோடு. தரகரின் போனை வைத்ததும் மாமா செய்த முதல் காரியம், அந்துருண்டைப் பொட்டலம் ஒன்று வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பியதுதான். எலிக்கு அது பெரிய தடையல்ல என்று அவரே சொல்கிறார், ஆனாலும் டேஷ்போர்டுக்கு அடியில் நான்கு போடாமல் தீவன லோடு ஏற்றுவதில்லை.

மாலையில் ஒரு வாட்டர் சர்வீஸுக்குப் போனோம். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் லாரிகள் வரிசையில் நிற்குமே, அந்த நினைவு வந்தது. ஆண்டில் ஒரு நாள் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வண்டியை மற்ற நாட்களில் நாம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே பையன் ஒருவன் கேபினுக்குள் நுழைந்து, இருக்கையைத் தூக்கி, நுரை போட்டு, மூலைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றுக் குழாயால் ஊதிக் காயவைத்தான். பாண்டர்கவடா வரை வந்த செம்மண் பழுப்பு நீராக ஓடிப் போயிற்று. மாமா பக்கத்திலேயே நின்று கிளட்ச் பெடலின் அடியை மட்டும் தன் துணியால் தானே துடைத்தார்.

பையன் 250 ரூபாய் கேட்டான். ரசீது உண்டா என்றேன். கேபின் கழுவியதற்கு ரசீது கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது, அவன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி என்னைப் பார்த்தார். பரவாயில்லை என்று டிரிப் சீட்டை எடுத்து நானே எழுதத் தொடங்கினேன். மாமா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எரநூத்தம்பதுன்னு போடாத மாப்ள. எப்பவும் போல நூத்தம்பதுன்னே எழுது. கூடப் போட்டா உங்க ஆபீஸ்ல அடிச்சுப் போடுவாங்க."